வீணையில் தானம் கற்ற வழி

கர்நாடக இசையில் ராக ஆலாபனைக்கும் பல்லவிக்கும் நடுவே வருவது தானம். தாளம் போட்டு எண்ணும் கணக்கு இதற்கு இல்லை. ஆனால் உள்ளுக்குள் ஒரு நடை ஓடிக்கொண்டே இருக்கும். பாடகர் ‘ஆனந்தம்’, ‘தானம்’, ‘தோம்’ போன்ற சொற்கட்டுகளை மூன்றும் நான்கும் ஐந்துமாகக் கோத்து ராகத்தை மேலே கொண்டுபோவார். வீணையில் ஒவ்வோர் அசையும் ஒரு மீட்டு. பாடகர்கள் என்னதான் மெருகேற்றியிருந்தாலும் தானம் வீணைக்குச் சொந்தமான சரக்கு என்றே சொல்ல வேண்டும். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற ஐந்து கன ராகங்களிலும் வரிசையாகத் தானம் வாசிப்பது வைணிகர்களின் பழைய வழக்கம்.

காஞ்சிபுரத்தில் வீணையின் சுவடு மிகப் பழையது. கி.பி. 700ஐ ஒட்டி ராஜசிம்ம பல்லவன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் வீணை ஏந்திய சிவன் இருக்கிறார். மன்னனின் விருதுப் பெயர்களை அடுக்கும் கல்வெட்டுகளில் ‘வீணா நாரதன்’ என்பதும் ஒன்று. ஆனால் அந்தச் சிற்பத்தில் இருப்பது இன்றைய வீணை அன்று. குடமும் யாளி முகமும் 24 மெட்டுகளும் கொண்ட வடிவம் 17ஆம் நூற்றாண்டில் தஞ்சையில் ரகுநாத நாயக்கர் காலத்தில் நிலைபெற்றதாகச் சொல்வார்கள். தானத்தின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். மெட்டுகளைக் கரி கலந்த மெழுகில் உரிய சுர இடங்களில் ஒருமுறை பதித்து மேளம் கட்டிவிட்டால், ராகத்துக்கு ராகம் அவற்றை நகர்த்த வேண்டியதில்லை. ஆரபியை முடித்த கையோடு வராளிக்குள் நுழையலாம். ஐந்து ராகத் தானத்தைத் தொடர்ச்சியாக வாசிக்க முடிவது இதனால்தான்.

முத்துசாமி தீட்சிதர் (1775–1835) காஞ்சியில் சில ஆண்டுகள் தங்கி, காமாட்சி மீதும் ஏகாம்பரநாதர் மீதும் கிருதிகள் இயற்றினார். அவர் வைணிகர். அவருடைய கிருதிகளின் விளம்ப நடையிலும் சுரங்களை அசைத்து இழைக்கும் நீண்ட கமகங்களிலும் வீணைக் கம்பியின் இழுப்பு தெரியும். அந்த மரபின் பெரும் பகுதியை 1904இல் எட்டயபுரத்திலிருந்து ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ என்ற நூலாக அச்சேற்றியவர் சுப்பராம தீட்சிதர். கிருதிகளோடு கீதங்களும் தானங்களும் சஞ்சாரிகளும் கமகக் குறிகளுடன் அதில் இடம்பெற்றன. அக்காலத்தில் வீணை பயின்றவர்கள் எடுத்த எடுப்பில் மனோதர்மமாக, அதாவது சொந்தக் கற்பனையில், தானம் வாசித்துவிடவில்லை என்பதற்கு இந்நூல் நல்ல சான்று. முன்னோர் கட்டிவைத்த சிட்டைத் தானங்களை முதலில் மனப்பாடம் செய்தார்கள். ராகத்தின் முக்கியமான பிடிகள் விரலில் ஏறிய பிறகே சொந்தமாகக் கோக்கத் துணிந்தார்கள்.

தென் ஸ்பெயினின் ஃபிளமெங்கோ கிதாரிலும் இதற்கு நெருங்கிய பழக்கம் உண்டு. பாட்டின் அடிகளுக்கு இடையே கிதார் தனித்து வாசிக்கும் இசைத் துண்டை ஃபால்செட்டா என்கிறார்கள். மாணவர் ஆசிரியரின் கையைப் பார்த்து, காதால் வாங்கி, ஒவ்வொரு துண்டையும் முழுசாக மனத்தில் இருத்திக்கொள்வார். ரமோன் மொந்தோயா, சபிக்காஸ், பாகோ தெ லூசியா ஆகியோரின் துண்டுகள் இப்படியே கைமாறி வந்தவை. வேகமான ஓட்டங்களுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்டுவதும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு தாளத்தில் இருக்கிறது. ஃபால்செட்டா பெரும்பாலும் பாட்டின் தாளச் சுற்றுக்குள் அடங்கியாக வேண்டும். தானத்துக்கு அந்தக் கட்டு கிடையாது.

வீணையில் வலக்கைக்கு வேலை அதிகம். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் ஆகிய நான்கு கம்பிகளைக் கீழ்நோக்கி மீட்டும். பக்கவாட்டில் உள்ள மூன்று தாளக் கம்பிகளைச் சுண்டுவிரல் மேல்நோக்கித் தட்டும். ஒரு சொற்கட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இந்தச் சுண்டுவிரல் தட்டு விழ வேண்டும். அது அரை நொடி தள்ளிப்போனாலும் தானம் நொண்டும். இடக்கையின் இரு விரல்கள் எண்ணெய் தொட்டு மெட்டின் மேல் வழுக்கும், கம்பியை ஓரமாக இழுத்துக் கமகம் கொடுக்கும். நுனித்தோலில் கம்பி பள்ளம் விழுத்தி, அது காய்த்துப்போன பிறகுதான் நாதம் தெளியும். சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகளை மூன்று காலங்களிலும் சாதகம் செய்யச் சொல்வது இந்தக் கைப்பழக்கத்துக்காகவே. அடுத்து வரும் தான வர்ணங்கள் பாதி வழியைக் கடக்க வைத்துவிடும்.

கை மட்டும் போதாது, பாட்டு வேண்டும் என்பதற்குக் காஞ்சியே சாட்சி. வீணை தனம்மாள் (1867–1938) சென்னை ஜார்ஜ் டவுன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசித்தவர். விரலில் கம்பி வளையம் மாட்டாமல் நகத்தாலேயே மீட்டி, மெல்லப் பாடிக்கொண்டே வாசிப்பது அவர் பாணி. அப்படிப்பட்ட வீட்டுப் பேத்திகளான பிருந்தாவும் முக்தாவும் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையிடம் (1889–1934) பயில அனுப்பப்பட்டார்கள். நயினாப் பிள்ளை வீணைக்காரர் அல்லர்; லயத்தில் புலி, பல்லவிக்கும் திருப்புகழுக்கும் பேர்போன பாடகர். வீட்டில் பதமும் ஜாவளியும் நிறைந்திருந்த இடத்தில் வெளியே தேடிப்போனது கிருதிகளையும் தாளக் கட்டையும் என்று கொள்ளலாம். பிருந்தா 1976இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவர் வாய்ப்பாட்டுக்குப் பெயர்பெற்றவர், வீணையிலும் தேர்ந்தவர்.

காரைக்குடிச் சகோதரர்களின் வழி வேறு. அண்ணன் சுப்பராமையர் வீணையைச் செங்குத்தாக நிறுத்தி வாசித்தார். தம்பி சாம்பசிவையர் வழக்கம்போல் மடியில் கிடத்தி வாசித்தார். புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளையின் மிருதங்கம் இவர்களுக்குப் பக்கபலம். அழுத்தமான மீட்டும் கணீரென்ற தாளக் கம்பியும் காரைக்குடித் தானத்தின் அடையாளங்கள். அண்ணன் காலத்துக்குப் பின் சாம்பசிவையர் கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக இருந்தார். குருகுலத்துப் பாடம் நிறுவனத்துக்குள் நுழைந்த கதைகளில் இதுவும் ஒன்று.

கடல் தாண்டிய கதையும் உண்டு. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் ஆங்கிலேயக் கிதார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் வீணை பயின்றார். எல். சங்கரின் வயலினோடும் ஜாகிர் உசேனின் தபேலாவோடும் அவர் அமைத்த ‘சக்தி’ குழுவின் முதல் இசைத்தட்டு 1976இல் வந்தது. அதில் அவர் வாசித்த கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரத்தைக் குடைந்திருந்தார்கள், வீணையைப் போலக் கம்பியை இழுத்துக் கமகம் கொடுப்பதற்காக. அதே மெக்லாக்லின் 1980 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோ மேடையில் பாகோ தெ லூசியாவோடும் அல் டி மியோலாவோடும் சேர்ந்து வாசித்தார். தானத்தின் நாடும் ஃபால்செட்டாவின் நாடும் இத்தனை பக்கத்தில் வந்த சந்தர்ப்பம் அரிது.

காஞ்சி வட்டாரத்தில் இன்று நிலை மாறியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் அரசு மாவட்ட இசைப்பள்ளி இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பு. குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் என்பவை இப்பள்ளிகளின் ஏழு பிரிவுகள். வீணை அந்தப் பட்டியலில் இல்லை. அதைக் கற்க விரும்பும் பிள்ளை தனியாக ஓர் ஆசிரியரைத் தேடிப்போய், பழையபடி எதிரில் உட்கார்ந்துதான் கற்க வேண்டியிருக்கிறது.