அதிர்வு

'சீஸ்மிக்' என்னும் அடைமொழி, குலுக்குதல் எனப் பொருள்படும் கிரேக்க வினையடியாகப் பிறந்த 'சீஸ்மோஸ்' என்ற பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. கிரேக்கர் அச்சொல்லால் நிலநடுக்கத்தைக் குறித்தனர். அதனால், அலைகளை எழுப்பி நிலத்தடியை அறியும் 'சீஸ்மிக்' ஆய்வைத் தமிழிலும் 'நிலநடுக்க ஆய்வு' என்று பெயர்ப்போர் உளர். ஆயினும் நடுக்கம் என்பது அச்சத்தாலோ குளிராலோ தானே நேர்வதாகலின், ஆய்வாளர் வேண்டுமென்றே எழுப்பும் அலைக்கு அது பொருந்துவதில்லை. 'அதிர்தல்' என்னும் வினைக்கோ அசைதல், முழங்குதல் என இரு பொருளும் உண்டு. முரசு அதிர்ந்தது என்னும்போது தோலின் துடிப்பும் அதன் ஓசையும் ஒருங்கே சுட்டப்படுகின்றன.

காஸ்பியன் போன்ற உள்நாட்டுக் கடலில் இவ்வாய்வு நடக்கும்போதும் அசைவும் ஓசையும் இவ்வாறே ஒருங்கே நிகழ்கின்றன. கப்பல் இழுத்துச் செல்லும் காற்றுத் துப்பாக்கி, அழுத்திய காற்றைத் திடீரென நீருக்குள் விடுவிக்க, எழும் ஓசை நொடிக்கு ஏறத்தாழ 1.5 கி.மீ. வேகத்தில் கடலடித் தரையை அடைந்து, பாறைக்குள் விரைவு கூடி, அடுக்குகளின் எல்லைகளில் மோதி எதிரொலித்தும் வளைந்தும் மேலே திரும்பி, நீரொலி வாங்கிகளில் பதிவாகிறது. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்தே அடுக்குகளின் ஆழமும், அவற்றில் அலை செல்லும் வேகமும், அவ்வேகத்தைக் கொண்டு அவை எவ்வகைப் பாறை என்பதும் கணிக்கப்படுகின்றன. 1950களில் சோவியத் ஆய்வாளர்கள் வெடிமருந்தைக் கொண்டு இவ்வாறு தேடியபோது, தென்காஸ்பியன் படுகையின் அடியில், கண்டங்களுக்கு உரியதாகிய கிரானைட் அடுக்கின் வேகம் தென்படவில்லை. பெருங்கடலடிப் புவியோட்டை ஒத்த மெல்லிய ஓடே அங்கிருந்தது. அதன்மேல் படிந்துள்ள வண்டலின் தடிப்பு, சில இடங்களில் 20 கி.மீ.யைத் தாண்டுகிறது.