செல்லரித்த அடுக்கு: தில்லைத் திருமுறை அறையும் தரவுச் சேமிப்புத் தேர்வும்

தேவார ஏடுகளை எழுதி வைத்த மூவரும் நேரில் வந்தால் அறையைத் திறக்கிறோம் என்று சிதம்பரம் கோயில் அந்தணரான தில்லை மூவாயிரவர், அவற்றைத் தேடி வந்த சோழ மன்னனிடம் சொன்னதாகத் திருமுறைகண்ட புராணம் கூறுகிறது. அப்பரும் சம்பந்தரும் சுந்தரரும் மறைந்து பல தலைமுறைகள் ஆகியிருந்தன. மன்னன் மூவரின் திருவுருவங்களை உலாவாக எழுந்தருளச் செய்து அறை வாசலில் நிறுத்தினான். கதவு திறந்தது. உள்ளே ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. எண்ணெய் சொரிந்து புற்றைக் கரைத்து, எஞ்சியவற்றை எடுத்து நம்பியாண்டார் நம்பி முறைப்படுத்தினார். மனம் கலங்கிய மன்னனை, இக்காலத்துக்கு வேண்டியவற்றை மட்டும் வைத்துவிட்டு மற்றவற்றைச் செல்லரிக்கச் செய்தோம் என்ற அசரீரி தேற்றியதாம். சேமிப்புக் கிடங்கைக் கவனிக்காமல் விட்ட எந்தப் பொறுப்பாளருக்கும் இதைவிட இதமான தீர்ப்பு கிடைக்காது.

உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் இந்நூல், அது பேசும் நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு பிந்தியது. மன்னன் முதலாம் இராசராசன்தானா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆகவே இதை வரலாற்றுச் சான்றாக நான் எடுக்கவில்லை. அரிதாகத் தொடப்படும் பொருளை எங்கே, எப்படி வைப்பது என்ற கேள்விக்குத் தமிழ் மரபு தந்திருக்கும் மிகக் கூர்மையான எடுத்துக்காட்டு என்ற அளவில்தான் இங்கே கொண்டு வருகிறேன். அதே கேள்விக்குத்தான் இன்று கிளவுட் நிறுவனங்கள் விலைப்பட்டியலாக விடை தருகின்றன.

விடை எளிது. அடிக்கடி எடுக்கும் தரவை ஹாட் அடுக்கில் வை. எப்போதாவது எடுப்பதைக் கூல் அடுக்குக்கு இறக்கு. எடுக்கவே போவதில்லை என்றால் ஆர்க்கைவில் போடு. அமேசான் எஸ்3 சேவையின் அமெரிக்க விலைப்பட்டியலை அளவாகக் கொண்டால், ஒரு டெராபைட்டுக்கு மாத வாடகை வழக்கமான அடுக்கில் சுமார் 23 டாலர், அரிதாக அணுகும் அடுக்கில் 12.50 டாலர், உடனடி மீட்புள்ள கிளேசியரில் 4 டாலர், 2019இல் வந்த டீப் ஆர்க்கைவில் ஏறத்தாழ 1 டாலர். கீழே இறங்க இறங்க வாடகை குறையும். எடுக்கும் கூலியும் காத்திருப்பும் கூடும். டீப் ஆர்க்கைவிலிருந்து ஒரு கோப்பை வரவழைக்கப் பன்னிரண்டு மணி நேரம் வரை ஆகலாம். மலிவான மொத்த மீட்பு என்றால் இரண்டு நாள். 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. அசூர், கூகுள் ஆகியவற்றிலும் இதே ஏணிதான், படிகளின் உயரம் மட்டும் வேறு. கூகுளின் ஆர்க்கைவ் அடுக்கு காக்க வைக்காது. அதற்குப் பதிலாக 365 நாள் குறைந்தபட்ச வாடகை கேட்கும்.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகம். ஜிம் கிரேயும் பிராங்கோ புட்சோலுவும் 1987இல் முன்வைத்த ‘ஐந்து நிமிட விதி’, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தொடப்படும் தரவுப் பக்கத்தை நினைவகத்தில் வைப்பதும், அதைவிட அரிதானதை வட்டில் விடுவதும் இலாபம் என்று அன்றைய விலைகளிலிருந்து கணக்கிட்டுக் காட்டியது. வாடகை வித்தியாசத்தை எடுப்புக் கூலியால் வகுத்தால் எல்லைக்கோடு தெரியும். மேலே சொன்ன எஸ்3 ஏணியின் முதல் இரண்டு அடுக்குகளுக்கிடையே மாதம் கிகாபைட்டுக்கு 1.05 சென்ட் வாடகை மிச்சம். எடுப்புக் கூலி 1 சென்ட். மாதம் ஒருமுறை முழுவதையும் படித்தாலே மிச்சம் கரைந்துவிடும். கணக்கில் பிழையில்லை. அணுகும் எண்ணிக்கை ஒன்றையே அது கேட்கிறது என்பதுதான் என் மறுப்பு. அந்த எண்ணும் சென்ற காலத்தைப் பற்றியது.

தில்லை அறையை இந்த அளவுகோலில் நிறுத்திப் பார்க்கலாம். அணுகல் பூச்சியம், வாடகையும் அநேகமாகப் பூச்சியம். இன்றைய எந்தத் தானியங்கி விதியும் அந்த ஏடுகளை ஆர்க்கைவுக்குத்தான் அனுப்பியிருக்கும். ஆனால் மன்னன் கேட்ட நாளில் தடையாக நின்றவை மூன்று.

முதலாவது, திறக்கும் அதிகாரம். மீட்பு நேரம் என்று விலைப்பட்டியல் சொல்வது இயந்திரம் எடுத்துக்கொள்ளும் நேரத்தை மட்டுமே. கணக்கின் கடவுச்சொல் ஓய்வுபெற்ற ஒருவரிடம் இருந்தால், மீட்புக் கட்டணத்துக்கு நிதிப்பிரிவின் ஒப்புதல் வேண்டுமென்றால், அந்தப் பன்னிரண்டு மணி நேரம் பன்னிரண்டு வாரமாகும். மூவரும் நேரில் வரவேண்டும் என்ற நிபந்தனை புராணத்தோடு முடிந்துவிடவில்லை.

இரண்டாவது, செல். இங்கே கிளவுட் நிறுவனங்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தாக வேண்டும். பிட்டுகள் சிதைகின்றனவா என்று அவர்களே இடைவிடாமல் சரிபார்க்கிறார்கள். தரவைப் பல இடங்களில் வைத்துச் சிதைந்ததைத் திருத்துகிறார்கள். பனையோலை அப்படிப்பட்டதல்ல. எடுத்துப் பிரித்து, தூசு தட்டி, எண்ணெய் பூசினால்தான் அது பிழைக்கும். படிப்பதும் பராமரிப்பதும் அங்கே ஒரே செயல். கிளவுட் இவ்விரண்டையும் பிரித்துவிட்டது; யாரும் படிக்காமலே பிட்டுகள் நலமாக இருக்கும். ஆனால் பிட்டு நலமாக இருப்பதால் நூல் நலமாக இருப்பதாகிவிடாது. 1990களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்பை இன்று திறந்தால், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துகளின் குப்பைதான் தெரியும். ஒரு பிட்டும் கெடவில்லை, வாசிக்கத்தான் முடியவில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல் தொகுப்பின் நூல்கள் டிஸ்கி என்ற பழைய குறியீட்டிலிருந்து யுனிகோடுக்கு மாறின. அன்றாடம் படிக்கப்பட்டு வந்ததால் மாற்ற வேண்டிய தேவை கண்ணில் பட்டது. அதே காலத்தில் யாரோ குறுந்தகட்டில் எழுதி அலமாரியில் வைத்தவை மாறவில்லை.

மூன்றாவதை விளக்கப் புராணத்தின் அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டும். அதைக் கதை சொல்பவர்கள் பெரும்பாலும் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஏடுகள் கிடைத்துவிட்டன, பாட யாருக்கும் தெரியவில்லை. பண் மறைந்துவிட்டது. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணை எருக்கத்தம்புலியூரிலிருந்து அழைத்துவந்து பண்களை அமைத்தார்கள் என்கிறது நூல். இன்றைய கடலூர் மாவட்டத்து இராசேந்திரப்பட்டினமே அவ்வூர். சொல் பூட்டிய அறையில் இருந்தது. சொல்லை ஒலியாக்கும் அறிவு ஒரு பாணர் குடியின் தொண்டையில் இருந்தது. இரண்டும் ஒரே அறையில் இருந்திருந்தால் இரண்டும் சேர்ந்தே புற்றாகியிருக்கும். குறியாக்கம் செய்த தரவையும் அதன் திறவுகோலையும், தரவுத்தளத்தையும் அதைப் படிக்கும் மென்பொருளையும் ஒரே ஆர்க்கைவ் கிடங்கில் போடுகிறவர்கள் இந்த இடத்தை இன்னொருமுறை படிக்கலாம்.

புராணம் சொல்லும் இழப்பு மலைக்க வைப்பது. மூவரும் பாடியவை 1,03,000 பதிகங்கள்; இன்று நம்மிடம் இருப்பவை ஏறத்தாழ 800. முதல் எண்ணை நம்புவதற்கில்லை. 9ஆம் நூற்றாண்டிலேயே திருவல்லம் கல்வெட்டு திருப்பதியம் பாடுவோரைக் குறிப்பிடுகிறது. பாடல்கள் முற்றாக மறைந்து ஓரறையில் மட்டும் இருந்தன என்ற சித்திரத்தோடு இது பொருந்தவில்லை. பிழைத்தவை பாடப்பட்டவையே என்பது என் ஊகம். முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் பதியம் பாட 48 பிடாரரையும், உடுக்கையும் கொட்டி மத்தளமும் வாசிக்க இருவரையும் அமர்த்தி, ஆளுக்கு நாள்தோறும் முக்குறுணி நெல் கொடுத்தான். ஐம்பது பேருக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டரைக் கலம். ஹாட் அடுக்கின் விலை அன்றும் மலிவாக இல்லை. அந்த நெல் வாங்கிக் கொடுத்தது தினமும் பிழைதிருத்தப்படும் ஒரு பிரதியை. ஐம்பது பேர் கூடும் இடத்தில் ஒருவர் சொல்லை மறந்தால் மற்றவர் எடுத்துக் கொடுப்பார்.

ஊடகத்தை மாற்றி இன்னொரு பிரதி வைப்பதும் அக்காலத்தவர் அறிந்ததே. ஏட்டுத் தொகுப்பில் விடுபட்டுப்போன சம்பந்தரின் திருவிடைவாய்ப் பதிகம், அவ்வூர்க் கோயில் கல்வெட்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கிடைத்தது. முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவன் மணவில் கூத்தன் காலிங்கராயன் என்னும் நரலோகவீரன் மூவர் பாடல்களைச் செப்பேட்டில் எழுதி வைத்ததைச் சிதம்பரம் கோயில் கல்வெட்டே பாடுகிறது. அதே கோயிலில் சரசுவதி பண்டாரம் என்ற ஏட்டகமும் இயங்கியது. ஏடுகளைப் படியெடுப்பவர்களுக்கு நிவந்தம் அளித்தார்கள் என்பதில்தான் அதன் சிறப்பைக் காண்கிறேன். கட்டடத்துக்குக் கொடை தருவோர் எக்காலத்திலும் உண்டு; பிரித்துப் பார்த்துப் படியெடுக்கும் ஆளுக்குத் தருவோர் குறைவு.

இந்த நிவந்தத்துக்கு இன்றைய செலவு என்ன? ஒரு டெராபைட் சுவடிப் படங்களை டீப் ஆர்க்கைவில் வைக்க ஆண்டுக்கு 12 டாலர். ஆண்டுக்கு ஒருமுறை மொத்த மீட்பில் முழுவதையும் வரவழைத்து, அதே கிளவுட் வட்டாரத்துக்குள்ளேயே திறந்து சோதிக்கக் கூலி 2.50 டாலர், மீட்ட பிரதி ஒரு வாரம் தங்கும் வாடகை ஐந்து டாலரைச் சற்றுத் தாண்டும். ஆக இருபது டாலர். ஹாட் அடுக்கிலேயே வைத்திருந்தால் 276 டாலர். மலிவு அடுக்கைத் தேர்ந்தெடுத்து, மிச்சத்தில் ஒரு சிறு துளியை ஆண்டுச் சோதனைக்கு ஒதுக்குவதே என் வாதம். சோதனை என்று நான் சொல்வது, சுவடி படிக்கத் தெரிந்த ஒருவர் சில கட்டுகளைத் திறந்து படிப்பது. கணினி சரிபார்ப்பு எண்ணை ஒப்பிடுவது போதாது. இணையம் வழியே வெளியே இறக்குவது வேறு கணக்கு: கிகாபைட்டுக்கு 9 சென்ட் வீதம் டெராபைட்டுக்கு 90 டாலர். நிறுவனத்தை மாற்ற நினைக்கும் நாளில்தான் பலர் இந்த வரியைக் கவனிக்கிறார்கள்.

எல்லாத் தரவும் சுவடிப் படம் போன்றதல்ல. சிதம்பரம் பல்கலைக்கழக ஊர். அதனால் மதிப்பெண் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். தேர்வு முடிவு வெளியாகும் வாரத்தில் கூட்டம். பிறகு ஆண்டுக்கணக்கில் அமைதி. பதினைந்து ஆண்டு கழித்து வெளிநாட்டில் வேலை கிடைத்த ஒருவரின் சான்றிதழைச் சரிபார்க்கக் கேட்பார்கள். நாளைக்குள் வேண்டும் என்பார்கள். அணுகல் அரிது, அவசரம் மிகுதி, கேட்பது ஒரு பக்கம். எண்ணிக்கை விதி இதை டீப் ஆர்க்கைவுக்குத் தள்ளும், அது தவறு. நாலு டாலர் உடனடி மீட்பு அடுக்கே இதற்கு உரியது. சுவடிப் படங்களில் நிலைமை தலைகீழ். ஆய்வாளர் இரண்டு நாள் காத்திருப்பார். அங்கே தொல்லை வேறு. ஏடு ஏடாகத் தனிக்கோப்பாக அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் கோரிக்கைக் கட்டணமும் நாற்பது கிலோபைட் மேல்சுமையும் சேரும். கயிறு கோத்துக் கட்டாக்கினால் கட்டணம் குறையும். ஓர் ஏட்டுக்காக முழுக் கட்டையும் அவிழ்க்க நேரும். நூலுக்கு ஒரு கட்டு என்ற பழைய அளவே சரியெனப் படுகிறது.

எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை மட்டும் எக்காரணம் கொண்டும் கீழே இறங்கக் கூடாது. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயில் திருப்பணியில் மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் திருமேனிகளோடு தேவாரம் பொறித்த நானூற்றுக்கும் மேற்பட்ட செப்பேடுகள் வெளிவந்தன. சிதம்பரத்திலிருந்து அரை மணி நேரப் பயணம். செம்பு தன் வேலையைச் செய்திருந்தது. ஏடுகளில் பெரும்பாலானவை முழுதாக இருந்தன. அங்கே அவை இருப்பதாகச் சொல்ல மண்ணுக்கு மேலே ஒரு வரியும் எஞ்சியிருக்கவில்லை. யாகசாலைக்குக் குழி வெட்டியவர்களின் கருவி தட்டியபோதுதான் தெரிந்தது.