கிறிஸ்து பக்தி (சென்னை)

கிறிஸ்துவைத் தொலைவிலுள்ள நீதிபதியாக அன்றி அன்றாடத் துணையாகக் கொண்டு, ஜெபத்தாலும் வேதவாசிப்பாலும் அவரோடு நெருங்கிவரும் வழக்கம் கிறிஸ்து பக்தி எனலாம். சென்னைப் புரோட்டஸ்டன்ட் வீடுகளில் இது விடியற்காலைத் தனிஜெபமாகவும், இரவு உணவுக்கு முன்போ பின்போ எல்லோரும் கூடியமரும் குடும்ப ஜெபமாகவும் அமைகிறது. கத்தோலிக்கரிடம் ஜெபமாலை, நற்கருணை ஆராதனை ஆகிய வடிவங்களைப் பெறுகிறது. திருத்தூதர் தோமாவின் கல்லறை இருப்பதாக மரபு கூறும் மயிலாப்பூர்ச் சாந்தோம் பேராலயத்திலும், 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, காட்டுக்கோயில் எனப்படும் லஸ் ஆலயத்திலும் வேலைநாளிலும் தனியே அமர்ந்து ஜெபிப்போரைக் காணலாம்.

இவ்வுறவுக்குத் தத்துவ விளக்கம் தந்தவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். கிறிஸ்தவ இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி (1891–1975), வைணவ ஆசாரியர் இராமானுசரின் சிந்தனையைத் துணைகொண்டு, பக்தர் கிறிஸ்துவில் கரைந்துபோவதில்லை, அன்பினால் அவரோடு ஒன்றுபடுகிறார் என வாதிட்டார். யோவான் நற்செய்தியே அவருக்கு ஆதாரம். சென்னை வழக்கறிஞரும் தொழிற்சங்கத் தலைவருமான வி. சக்கரைச் செட்டியார் (1880–1958), மற்ற அவதாரங்கள் முடிவுற, இயேசுவின் அவதாரமோ தூய ஆவியின் வழியே மனிதருக்குள் இன்றும் தொடர்கிறது என்றார். அன்றாட அனுபவத்துக்கு இவ்விளக்கமே நெருக்கமானது.