நோய்ச் சட்டமும் மகளிர் சிறையும்

குற்றம் புரிந்தோரை அடைக்குமிடம் சிறை. நோயுற்றோரைக் குணமாக்குமிடம் வைத்தியசாலை. வெளிப்படையான இவ்வேறுபாடு, 1864 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பிரித்தானியாவின் படைநகரங்களில் வாழ்ந்த ஏழைப் பெண்கள் மட்டில் இல்லாதொழிந்தது. அது நிகழ்ந்தவாற்றை ஈண்டு நோக்குவாம்.

கிரிமியப் போரின் பின்னர்ப் பிரித்தானியப் படையின் சுகாதாரம் பாராளுமன்றத்தின் பெருங் கவலையாயிற்று. உள்நாட்டுப் படையினரிடையே நோயுற்றோராய்ப் பதியப்பட்டவருள் மூவரில் ஒருவர் மேகநோயாளர் என 1864 இல் அறியப்பட்டது. அவ்வாண்டிலேயே தொற்றுநோய்ச் சட்டம் நிறைவேறியது. போட்ஸ்மத், பிளிமத், அல்டர்ஷொட் முதலான பதினொரு துறைமுக, படைநகரங்கள் அதன் ஆட்சிக்குட்பட்டன. 1866 இலும் 1869 இலும் அது விரிவாக்கப்பட்டது, இடங்கள் பதினெட்டாயின.

சட்டம் செயற்பட்ட முறை ஊன்றி நோக்கத்தக்கது. சாதாரண உடையிலே திரியும் பொலிசார் ஒரு பெண்ணைப் பரத்தையென ஐயுற்று நீதவான் முன் சத்தியம் செய்தாற் போதும். அவள் குறித்த காலங்களில் மருத்துவச் சோதனைக்கு உடன்படல் வேண்டும். பரத்தையென்பவள் யார் என்பதைச் சட்டம் யாண்டும் வரையறுக்கவில்லை. தானே விரும்பி உடன்பட்டதாக ஒப்பமிடவும் வழியிருந்தது. எழுத்தறியாப் பெண்கள் பலர் கீறிட்டுக் கொடுத்த அவ்வொப்பத்தை விருப்பம் என்று சொல்வது மொழிக்கே இழுக்காகும். நோய் காணப்பட்டால் அவளை வைத்தியசாலையிற் பூட்டி வைக்கலாம். முதலில் மூன்று மாதமாயிருந்த எல்லை 1866 இல் ஆறாகவும் 1869 இல் ஒன்பதாகவும் உயர்ந்தது. சோதனைக்கு மறுத்தவளுக்கும் வைத்தியசாலையை விட்டு அனுமதியின்றி வெளியேறியவளுக்கும் சிறைத்தண்டனை. கடின வேலையும் அதனோடு சேரலாம். இவ்வாறு சிகிச்சைக்கு ஒருப்படாமையே குற்றமாயிற்று.

இவ்வைத்தியசாலைகள் 'லொக்' எனும் பெயர் பூண்டிருந்தன. ஆங்கிலத்திற் பூட்டு எனப் பொருள்படும் சொல்லோடு அது ஒத்திருத்தலின் பலர் அதனையே பெயர்க் காரணமாகக் கொள்வர். ஆயின் இலண்டன் சதக்கில் முன்னர் இருந்த தொழுநோயாளர் இல்லத்தின் பெயரே அது என்பர். 1746 இல் நிறுவப்பட்ட இலண்டன் லொக் வைத்தியசாலை அப்பெயரையே ஏற்றது. பெயரின் வரலாறு எதுவாயினும், 1864 இன் பின்னர்ப் பூட்டு எனும் பொருளே அதற்கு முற்றும் பொருந்தியது.

இத்தனைக்கும் மருத்துவர் கையில் இருந்த அறிவு எத்தகையது? மேகவெட்டையும் கிரந்தியும் வெவ்வேறு நோய்கள் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் ரிக்கோர் 1838 இல் நிறுவியிருந்தார். ஆனால் வெட்டையின் கிருமியை நைசர் கண்டது 1879 இலே. கிரந்தியின் கிருமி 1905 இலே. அதற்கான இரத்தச் சோதனை 1906 இலே. பெண்களிடத்து வெட்டை யாதோர் அறிகுறியுமின்றி மறைந்திருத்தல் உண்டு. கண்ணாற் காண்பதையே கொண்டு சோதித்தவர்கள் நோயில்லாதவளை அடைத்ததும் நோயுள்ளவளை நலமுற்றாளென விடுத்ததும் தவிர்க்க முடியாதன. மருந்தும் பெரும்பாலும் பாதரசமே. அது நோயை அடக்குவதினும் பல்லையும் ஈறையும் கெடுப்பதில் வல்லது.

இன்னுமொன்று. படைவீரரை ஒழுங்காகச் சோதிக்கும் வழக்கம் முன்னர் இருந்தது. அது வீரரின் தன்மானத்தைக் குலைக்கிறதென 1859 இற் கைவிடப்பட்டது. ஆடவருக்கு இழிவானது பெண்டிருக்கு இழிவன்று போலும்!

இந்நடுவின்மையே எதிர்ப்பின் கருவாயிற்று. 1869 இல் யோசேபின் பட்லர் அம்மையார் மகளிர் தேசிய சங்கத்தை முன்னின்று நடத்தினார். அதன் கண்டன அறிக்கையில் புளோரன்ஸ் நைற்றிங்கேல், ஹரியற் மாட்டினோ ஆகியோரும் ஒப்பமிட்டனர். தூய வாழ்க்கைப் பெண்கள் இப்பொருளை வாயாற் கூறலும் தகாதெனக் கருதிய காலம் அது. ஆதலின் அவர்தம் துணிவு பெரிது. 1871 இல் அரச ஆணைக்குழு முன் சாட்சியமளித்த யோன் ஸ்ரூவாட் மில், ஐயத்தின் பேரில் உடற்சுதந்திரத்தைப் பறிப்பதை மறுத்தார். மனைவிக்கு நோய் கொடுக்கும் கணவனைச் சட்டம் தொடாமையையும் சுட்டினார். 1875 இல் அல்டர்ஷொட்டில் பொலிசாரால் துன்புறுத்தப்பட்ட பாடகி பேர்சி என்பாள் கால்வாயில் இறந்து கிடந்தமை நாட்டையே உலுக்கியது. சட்டம் 1883 இல் இடைநிறுத்தப்பட்டு 1886 இல் நீக்கப்பட்டது.

குடியேற்ற நாடுகளின் கதை வேறு. ஹொங்கொங்கில் 1857 இலேயே இத்தகைய சட்டம் தோன்றிவிட்டது. இலங்கையிற் 1867 இல் அதற்கொத்த கட்டளைச் சட்டம் வந்தது. இந்தியாவில் 1868 ஆம் ஆண்டுப் பதினான்காம் சட்டம். வங்காளத்தில் அது 'பதினான்கு சட்டம்' என்றே வழங்கிற்று. கல்கத்தாவிலிருந்து பெண்கள் பலர் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்திரநாகூருக்கு ஓடினர். 1888 இல் அதுவும் நீங்கினாலும், படைமுகாம்களில் வேறு பெயர்களால் சோதனை தொடர்ந்தது.

சட்டம் ஒழிந்தும் கொள்கை ஒழியவில்லை. 1918 இல் ஐக்கிய அமெரிக்கா நிறைவேற்றிய சேம்பலின்-கான் சட்டத்தின் நிதியுதவியாற் பல்லாயிரம் பெண்கள் தடுப்பு நிலையங்களில் அடைக்கப்பட்டனர். கிரந்திக்கு 1910 இல் சல்வர்சான் வந்திருந்தமையால் சிகிச்சையேனும் ஓரளவு உண்மையாயிற்று. பெனிசிலின் அந்நோய்க்குப் பயன்படுவதாகக் காட்டப்பட்டது 1943 இல். 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற பாங்கொக் விதிகள், சிறைபுகும் பெண்களுக்குப் பாலியல் நோய்களைக் கண்டறியும் மருத்துவச் சோதனையை வேண்டின. அதனோடு, தம் இனப்பெருக்க நல வரலாற்றை வெளியிடாதிருக்கவும் அதன்பொருட்டான சோதனையை மறுக்கவும் அவர்க்குள்ள உரிமையையும் எழுத்தில் வைத்தன.