ஏழு கிலோமீட்டர்

போன வாரம் கடலைக்குக் களை எடுத்துட்டு வரப்புல உட்கார்ந்திருந்தோம். ரோட்டுல காலேஜ் போற பிள்ளைக நாலு பேரு ஸ்கூட்டியில போனாங்க. அதையே பார்த்துக்கிட்டிருந்த எங்க அக்கா, "அப்ப ஒரு சைக்கிள் இருந்திருந்தா நானும் பத்தாவது முடிச்சிருப்பேன்டா தம்பி"ன்னு சொல்லுச்சு. நான் பதில் சொல்லலை. சைக்கிள் வீட்டுக்கு வரத்தான் செஞ்சது. எனக்கு வந்தது.

எங்க ஊரு புதுக்கோட்டை மாவட்டத்துல ஒரு சின்னக் கிராமம். அப்போ அஞ்சாப்பு வரைக்கும்தான் பள்ளிக்கூடம். 1977ல் அக்கா அஞ்சாப்பு முடிச்சது. கணக்குல அதுதான் முதல். எனக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்ததே அதுதான். ஆறாவதுக்கு ஏழு கிலோமீட்டர் போகணும். கண்மாய்க்கரை, அப்புறம் முந்திரிக்காடு. "பொம்பளப்புள்ளய அனுப்பிட்டு சாயங்காலம் வரைக்கும் வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்க முடியாது"ன்னு அப்பா நிறுத்திட்டாரு. அவரு கெட்டவர் இல்லை, பயந்தவர். மூணு வருசம் கழிச்சு அதே பாதையில நான் நடந்தப்ப அந்தப் பயம் யாருக்கும் வரலை. ஒன்பதாவதுல எனக்கு ஒரு பழைய சைக்கிளும் வாங்கிக் கொடுத்தாங்க.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886ல் பிறந்ததும் இதே புதுக்கோட்டையிலதான். ஆம்பளைப் பசங்க மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில எதிர்ப்புக்கு நடுவுல சேர்ந்து, 1912ல் சென்னையில டாக்டர் பட்டம் வாங்கினாங்க. அதுக்கு 65 வருசம் கழிச்சும் இங்கே ஒரு குடியானவன் மகளால ஆறாவது போக முடியலை. பெரிய கதவு தொறந்தா மட்டும் போதாது, அது வரைக்கும் போக வழி வேணும்.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலேன்னு சொல்ல மாட்டேன். காமராஜர் 1956ல் மதிய உணவு கொண்டு வந்தாரு. எம்.ஜி.ஆர். 1982ல் அதைச் சத்துணவா விரிவாக்கினாரு. சோத்துக்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கேன். 1989ல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பேர்ல, எட்டாவது படிச்ச பொண்ணுக்குக் கல்யாண உதவியா 5,000 ரூபாய் வந்துச்சு. அதுக்காகவே எட்டாவது வரைக்கும் அனுப்பினவங்க உண்டு. ஆனா அந்த ஏழு கிலோமீட்டர் மட்டும் குறையவே இல்லை.

குறைஞ்சது அறிவொளி வந்தப்பதான். 1991ல் எங்க மாவட்டத்துல அந்த இயக்கம் ஆரம்பிச்சது. கலெக்டரா இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். அக்காவை உள்ளூர்லயே அத்தை மகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தோம். அஞ்சாப்பு படிச்ச அது, ராத்திரி அரிக்கேன் விளக்கு வெளிச்சத்துல ஊர்ப் பொம்பளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துச்சு. எழுத்தோட சைக்கிளும் சேர்ந்து வந்தது. மாவட்டத்துல லட்சம் பொம்பளைகளுக்கு மேல ஓட்டக் கத்துக்கிட்டாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம, பார் வச்ச ஆம்பளை சைக்கிளையே வாங்கினாங்க. பார்ல பிள்ளையை உட்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு.

கண்மாய் காய்ஞ்சு கிடந்தது. "கொஞ்சம் பின்னால பிடிச்சுக்கடா"ன்னு அக்கா கேட்டுச்சு. எனக்கு இருபத்திரண்டு வயசு. நாலு பேரு பார்ப்பாங்கன்னு வெட்கப்பட்டு, "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்?"னு கேட்டுட்டு வந்துட்டேன். பக்கத்து வீட்டு அண்ணி பிடிச்சுக்கிட்டாங்க. அக்கா ஓட்டினது என் சைக்கிளைத்தான்.

பிற்பாடு அரசே மாணவிகளுக்கு சைக்கிள் கொடுக்க ஆரம்பிச்சது. 2001-02ல் பதினோராம் வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடிப் பெண் பிள்ளைகளுக்கு முதல்ல. பிறகு எல்லாருக்கும். அக்கா மகள் அந்த சைக்கிள்லதான் பன்னிரண்டாவது முடிச்சு, இன்னைக்கு நர்சா வேலை பார்க்குது. முந்திரிக்காடு அப்படியேதான் இருந்தது. ஆனா பத்துப் பிள்ளைக சேர்ந்து மணியடிச்சுக்கிட்டுப் போனப்ப அப்பாமாருக்குப் பயம் போயிருச்சு. 1991ல் தமிழ்நாட்டுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச பெண்கள் நூத்துக்கு 51. 2011ல் அது 73.

இப்போ எங்க ஊர்ல ஆறாவதுக்கு நிக்கிற பொண்ணு இல்லை. நிக்கிறதுன்னா பன்னிரண்டாவதுக்கு அப்புறம்தான். 2022ல் இருந்து, அரசுப் பள்ளியில படிச்சுட்டு மேல படிக்கிற பிள்ளைகளுக்கு மாசம் 1,000 ரூபாய் வருது. நல்ல காரியம். ஆனா டவுன்ல இருந்து வர்ற சாயங்கால பஸ் ரெண்டு நாள் வரலேன்னா, "எதுக்கு இந்த அலைச்சல், நல்ல வரன் இருக்கு"ன்னு பேச்சு ஆரம்பிச்சிருது.

அப்படிப்பட்ட நாள்ல நான் என் மோப்பெட்டை எடுத்துக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிருவேன். யாரு வீட்டுப் பிள்ளையா இருந்தாலும் கூட்டிட்டு வந்து வீட்டு வாசல்ல விட்டுருவேன். இதை நான் 1991ல் கண்மாய்க்குள்ளேயே செஞ்சிருக்கணும்.