பெட்டி வைக்காத தேர்தல்

1931 ஜூனில் இலங்கை முதன்முறையாகச் சர்வசன வாக்குரிமையோடு அரசாங்க சபைத் தேர்தலுக்குப் போனது. 21 வயது நிரம்பிய ஆணும் பெண்ணும், படித்தவரும் படியாதவரும் வாக்காளர்கள். (தோட்டத் தொழிலாளருக்கு மட்டும் வசிப்பு நிபந்தனைகள் இருந்தன.) எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி, வாக்குச்சீட்டை விரும்பியவரின் பெட்டிக்குள் போட்டால் போதும். ஆனால் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளில் பெட்டிக்கே வேலை இல்லாமல் போனது. மே 4ஆம் திகதி, நியமனப் பத்திரம் கொடுக்கவேண்டிய நாளில், ஒருவரும் கொடுக்கவில்லை.

இந்த வாக்குரிமை எவ்வளவு பெரியது என்று அறிய ஐரோப்பாவைப் பார்க்கவேண்டும். பிரித்தானியா 1832இல் சீர்திருத்தத்தைத் தொடங்கி, 1867, 1884, 1918 என்று படிப்படியாக இறங்கி, பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வாக்கை 1928இல்தான் கொடுத்தது. புரட்சியின் தாய்வீடான பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது 1944இல். சுவிற்சர்லாந்தின் கூட்டாட்சித் தேர்தல்களிலோ 1971இல். இலங்கையில் 1931 வரை சனத்தொகையில் நூற்றுக்கு நாலு பேரளவில்தான் வாக்காளர். அரசியல் சீர்திருத்தத்துக்காகப் பிரித்தானியா அனுப்பிய டொனமூர் ஆணைக்குழு 1928இல் அந்தக் கதவை ஒரேயடியாகத் திறந்துவிட்டது. பெண்களுக்கு 30 வயது என்று அது பரிந்துரைத்த வரம்பும் பின்னர் 21 ஆக்கப்பட்டது.

ஆட்சிமுறை மட்டும் பிரித்தானியாவுடையது அல்ல. அங்கே பெரும்பான்மைக் கட்சியின் தலைவர் பிரதமராகி மந்திரிசபை அமைப்பார். இங்கே அப்படிப்பட்ட கட்சிகள் இல்லை. ஆகையால் லண்டன் மாநகர மன்றத்தின் பாணியில் ஏழு நிர்வாகக் குழுக்கள். அவற்றின் தலைவர்கள் மந்திரிகள். நிதியும் சட்டமும் பிரதம செயலாளரின் பொறுப்புகளும் மூன்று ஆங்கில உத்தியோகத்தர் கையில். தேசாதிபதியின் அதிகாரமும் குறையவில்லை.

இந்த அரைகுறை ஆட்சியைத்தான் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் மறுத்தது. 1924இல் ஹன்டி பேரின்பநாயகம் மாணவர் காங்கிரசாகத் தொடங்கிய இயக்கம் அது. 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துவந்ததும் இவர்களே. பூரண சுயராச்சியம் கேட்டவர்கள், கமலாதேவி சட்டோபாத்யாயா தலைமை தாங்கிய 1931 மாநாட்டின் உற்சாகத்தோடு பகிஷ்காரத்தில் இறங்கினார்கள். போட்டியிட இருந்த பெரியவர்கள் பின்வாங்கினார்கள். தெற்கைச் சேர்ந்த இடதுசாரி பிலிப் குணவர்தன போன்றோர் யாழ்ப்பாணம் வழிகாட்டிவிட்டது என்று பாராட்டினார்கள். பாராட்டினார்களே தவிர, தெற்கில் எவரும் அந்த வழியில் நடக்கவில்லை.

வாலிபர்கள் பிற்போக்காளர் அல்லர். உதவி பெறும் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருக்க, மற்றவர்கள் வாங்கில் இருந்து படித்த காலம் அது. 1929இல் சம ஆசனம் வந்தபோது அதற்கு ஆதரவாக நின்றவர்கள் இவர்கள். ஆனால் வாங்கில் இடம் கேட்ட அந்தச் சனத்துக்கே முதல் வாக்கு கைக்கு வந்த வேளையில், வாக்குப் போடாதே என்றார்கள். முன்பு வாக்கு இருந்த வக்கீலும் நிலக்கிழாரும் அதைப் போடாமல் விட்டதில் இழந்தது கொஞ்சம். இழந்தவர்கள் புதிய வாக்காளர்கள்: பெண்களும், கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களும். அவர்களுக்கு வாக்குக் கொடுக்கவே கூடாது என்று வாதாடியவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். அவர் 1930இல் காலமாகிவிட்டார். டொனமூர் திட்டத்தில் இனவாரிப் பிரதிநிதித்துவம் போனதில் பழைய தலைவர்களுக்கும் கசப்பு. வேறு வேறு காரணத்துக்காக இரு தரப்பும் ஒரே முடிவுக்கு வந்து நின்றது யாழ்ப்பாண அரசியலின் வேடிக்கைகளில் ஒன்று.

விளைவு? முதல் மந்திரிசபையில் மலையகத் தமிழரான பெரி சுந்தரம் இருந்தார். முஸ்லிம்களில் மக்கான் மாக்கார் இருந்தார். குடாநாட்டவர் ஒருவரும் இல்லை. சபையில் அவர்களின் நான்கு கதிரைகளும் மூன்று வருடம் வெறுமையாகக் கிடந்தன.

1934இல் இடைத்தேர்தல் வைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் அருணாசலம் மகாதேவா, காங்கேசன்துறையில் சு. நடேசன், ஊர்காவற்றுறையில் நெவின்ஸ் செல்வதுரை. பருத்தித்துறையில் வந்தவர் ஜீ. ஜீ. பொன்னம்பலம், 1931இல் மன்னார்-முல்லைத்தீவில் நின்று தோற்றவர். பூரண சுயராச்சியப் பேச்சு அடங்கிய இடத்தில் அவர் கேட்கப்போவது, சிங்களவருக்குப் பாதி, மற்ற இனங்களுக்குப் பாதி என்ற ஐம்பதுக்கு ஐம்பது. அந்தக் கணக்கு அடுத்த வாரம்.