மணியோசையைத் துரத்திய கேமராக்கள்

போர்முனைக்கு கேமரா போன கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். ஊருக்குள்ளேயும் ஒரு போர்முனை உண்டு, அது எரியும் கட்டடம். சம்பளம் இல்லாமல், யாரும் கூப்பிடாமல், மணி அடித்ததுமே கேமராவைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடியவர்கள் அமெரிக்கப் பெருநகரங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். பாஸ்டனில் அவர்களை ‘ஸ்பார்க்’ என்பார்கள், நியூயார்க்கில் ‘பஃப்’. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் என்று இவர்களை ஒதுக்குகிறவர்கள் மீது எனக்கு வருத்தம் உண்டு.

தொடக்கத்தில் தீயைப் படம்பிடிப்பது குதிரைக்கொம்புதான். 1853 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஆஸ்வேகோ நகரில் ஆலைகள் பற்றிக்கொண்டன. அவ்வூரில் ஸ்டுடியோ நடத்திய ஜார்ஜ் பர்னார்ட் அதை டாகரோடைப் தகட்டில் பதிவு செய்தார். தீ எரிந்துகொண்டிருக்கும்போதே எடுத்த மிகப் பழைய படங்களில் அது ஒன்று. வெள்ளி பூசிய அந்தத் தகட்டுக்கு நிறம் தெரியாது. ஆகவே சுடர் இருந்த இடத்தில் கையால் சிவப்புச் சாயம் தீட்டப்பட்டது.

அதற்கு ஓராண்டு முன்புதான், 1852இல், பாஸ்டன் நகரம் தந்தியில் இயங்கும் தீ அபாயப் பெட்டிகளைத் தெருமுனைகளில் நிறுவியிருந்தது. உள்ளே இருக்கும் பிடியை இயக்கினால் போதும், அந்தப் பெட்டியின் எண் ஊரெங்கும் மணியாக ஒலிக்கும். 52 என்றால் ஐந்து அடி, சிறு இடைவெளி, பிறகு இரண்டு அடி. 1872 நவம்பர் 9 இரவு, பாஸ்டன் பெருந்தீயின்போது ஒலித்தது அந்த எண்தான். அப்போது ஊரில் குதிரைகளுக்குக் காய்ச்சல். தீயணைப்பு எந்திரங்களை ஆட்களே இழுத்து ஓடினார்கள். 776 கட்டடங்கள் சாம்பலாயின. ஈரத் தகட்டில் படம் எடுத்த காலம் அது. தகட்டுக்கு ரசாயனம் பூசி, காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியாக வேண்டும்; எரியும் தெருவில் அது எளிதல்ல. பலூனில் ஏறி 1860இல் பாஸ்டனை வானிலிருந்து படம் எடுத்த ஜேம்ஸ் வாலஸ் பிளாக், இந்த முறை இடிபாடுகளைத்தான் எடுத்தார். கூரையில்லாத கருங்கல் சுவர்கள் வரிசையாக நிற்கும் படங்கள் அவை.

பின்னாளில் பாஸ்டனின் தீ ஆர்வலர்கள் தொடங்கிய சங்கத்துக்கு ‘பாக்ஸ் 52’ என்றே பெயர் சூட்டினார்கள். பெட்டி எண்கள் இவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். மணியை எண்ணி முடிப்பதற்குள் எந்தத் தெரு, அங்கே மரவீடா, கிடங்கா, எந்த நிலையத்து ஏணி வண்டி முதலில் வரும் என்பதெல்லாம் மனத்தில் ஓடிவிடும். பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவை ஏறக்குறைய அரை நூற்றாண்டு வழிநடத்திய ஆர்தர் ஃபீட்லரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான்.

நியூயார்க்கில் இந்த ஆர்வம் ஒரு வண்டியையே உருவாக்கியது. அட்லாண்டிக்கை அதிவேகமாகக் கடந்த ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’ பயணிகள் கப்பலை வடிவமைத்த வில்லியம் கிப்ஸ், தீயணைப்பு வண்டி என்றால் உயிரை விடுவார். அவர் யோசனையில் பிறந்து 1965இல் பணிக்கு வந்ததுதான் மேக் நிறுவனத்தின் ‘சூப்பர் பம்பர்’. ரயில் எஞ்சின்களையும் கடற்படைப் படகுகளையும் ஓட்டிய 18 சிலிண்டர் டெல்டிக் எஞ்சின் அதில் தண்ணீர் இறைத்தது. நிமிடத்துக்கு 8,800 கேலன், அதாவது சுமார் 33,000 லிட்டர். 1982இல் ஓய்வு பெற்ற அந்த வண்டி, ஆர்வலர்கள் எடுத்த படங்களில் இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

வண்டியைப் படம் எடுப்பதற்கு இவர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். வண்டியின் முகமும் ஒரு பக்கமும் சேர்ந்து தெரியும்படி மூலையில் நிற்க வேண்டும். கதவுகள் மூடியிருக்க வேண்டும், குறுக்கே ஆள் நிற்கக் கூடாது. பார்க்க அலுப்பூட்டும் படம்தான். ஆனால் குழாய் வாய்கள், ஏணியின் நீளம், கதவில் எழுதிய எண் எல்லாம் அதில் அப்படியே கிடைக்கும். 1960களின் பிற்பகுதியில் நியூயார்க்கில் தீயணைக்கப் போன வீரர்கள் மீது கல்வீச்சு நடந்தது. திறந்த இருக்கைகளுக்கு மேல் ஒட்டுப்பலகையை வெட்டி அவசரக் கூரை போட்டார்கள். ஆணி அடித்த அந்தப் பலகைகளை அக்காலப் படங்களில் பார்க்கலாம். கலவரக் காலத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று எனக்குத் தெரிந்து குறைவு.

இந்த மரபின் உச்சம் 1975 ஜூலை 22. பாஸ்டன், மார்ல்பரோ தெருவில் ஒரு கட்டடம் எரிந்துகொண்டிருந்தது. சிறுவயது முதலே தீயைத் துரத்திப் பழகிய ஸ்டான்லி ஃபோர்மன் அப்போது ‘பாஸ்டன் ஹெரால்ட் அமெரிக்கன்’ நாளிதழின் புகைப்படக்காரர். ஏணி வண்டி வேண்டும் என்ற கூச்சல் காதில் விழுந்ததும் சந்து வழியாகக் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார். பழகிய காது அது. ஏணி கேட்கிறார்கள் என்றால் மேலே ஆள் சிக்கியிருக்கிறது. அங்கே ஐந்தாம் மாடியின் அவசர இரும்புப் படிக்கட்டில் 19 வயதுப் பெண்ணும் இரண்டு வயதுக் குழந்தையும் நின்றிருந்தார்கள். தீயணைப்பு வீரர் ஒருவர் அவர்களை அணைத்துக்கொண்டு ஏணிக்குக் கை நீட்டினார். படிக்கட்டு பெயர்ந்தது. வீரர் ஏணியைப் பற்றித் தொங்கினார். மற்ற இருவரும் விழுந்தார்கள். விழும்போது ஃபோர்மன் எடுத்துக்கொண்டே இருந்தார். தரையில் மோதும் கணத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தக் கடைசிக் கணம் எந்தப் படத்திலும் இல்லாததில் எனக்கு நிம்மதி உண்டு.

பெண் இறந்தார். அவர் மேல் விழுந்ததால் குழந்தை பிழைத்தது. அந்தப் படம் உலகம் முழுவதும் வெளியாகி, 1976இல் புலிட்சர் பரிசு பெற்றது. அதற்கு முன்பே அது தன் வேலையைச் செய்துவிட்டது: பாஸ்டனிலும் வேறு நகரங்களிலும் துருப்பிடித்த அவசரப் படிக்கட்டுகளைச் சோதித்துப் பழுதுபார்க்கும் விதிகள் கடுமையாயின.

(தொடரும்)